அடுப்புப் புகையை எடை போடுகிறவர்கள்

ஒரு நாணயம் அளவுக்கு வெள்ளை வடிதாள். ஈரப்பதம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஓர் அறையில் அதை ஒரு நாள் கிடத்திவைத்து, மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் காட்டும் தராசில் எடை போடுகிறார்கள். அப்புறம் அது ஒரு சின்ன பம்பின் வாயில் போய் உட்காருகிறது. பம்பு ஒரு கிராமத்துப் பெண்ணின் தோளில், சேலைக்கு மேல் ஒரு பையில் தொங்குகிறது. காற்றை உறிஞ்சும் முனை அவர் கழுத்தெலும்பை ஒட்டி, மூக்குக்கு ஒரு சாண் கீழே இருக்கும். உலை வைக்கும்போதும், களை எடுக்கப் போகும்போதும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது கூடவே போகும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் களப்பணியாளர் வந்து வாங்கிக்கொண்டு போவார். தாள் பழுப்பாகியிருக்கும். சில வீடுகளில் கரியாகவே ஆகியிருக்கும்.

மறுபடியும் தராசு. பம்பு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் 2 கன மீட்டருக்குச் சற்று அதிகமான காற்று அந்தத் தாள் வழியே போயிருக்கும். விறகில் சமைக்கும் வீடு என்றால் தாளில் சுமார் அரை மில்லிகிராம் தூசு ஏறியிருக்கலாம். ஓர் அரிசி 20 மில்லிகிராம் எடை என்றால், அதில் நாற்பதில் ஒரு பங்கு. வீட்டுக்குள் சூழும் புகை உடம்பை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி முழுவதும் இந்த நாற்பதில் ஒரு பங்கு அரிசியின் மேல்தான் நிற்கிறது.

புகை கெடுதல் என்று யாருக்குத்தான் தெரியாது, இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஆச்சிக்கும் தெரியும். ஈர விறகைப் போட்டுவிட்டு ஊதாங்குழலை எடுத்து ஊதி ஊதி, கண்ணில் நீர் வழிய முந்தானையால் துடைத்துக்கொண்டே திட்டுவாள், அடுப்பை அல்ல, விறகு கொண்டுவந்து போட்ட தாத்தாவை. அறுபது வயதுக்கு மேல் இழுப்பு வந்தது. கூட்டிப்போன இடத்தில் டாக்டர் முதலில் கேட்டது, "பீடி, சுருட்டு ஏதாவது உண்டா?" வீட்டில் இதைச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தோம். அடுப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை 1950களிலேயே டெல்லியில் ஒருவர் கேட்டுவிட்டார். எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்த தமிழர். ரங்கூனில் மருத்துவம் படித்தவர், ஜப்பானியப் படை வந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர், பிறகு இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று பெயர் பெற்றவர். நுரையீரல் கெட்டு, அதற்குள் ரத்தத்தைத் தள்ளமுடியாமல் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப்போகும் நோய் ஒன்று உண்டு. மேலை நாட்டுப் புத்தகங்களில் அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். டெல்லியில் அவர் பார்த்த நோயாளிகளிலோ பெண்களும் ஏறக்குறைய ஆண்கள் அளவுக்கே இருந்தார்கள், அதுவும் இளம் வயதில். பீடி பிடிக்காத பெண்கள். அவர் 127 நோயாளிகளை வைத்து 1959இல் வெளியிட்ட கட்டுரை, வறட்டியும் விறகும் எரியும் அடுப்பைக் கை காட்டியது. இன்று படிக்கும்போது அதில் ஆச்சரியமாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் அநேகமாக யாரும் அந்த அடுப்பின் பக்கத்தில் ஒரு கருவியைக் கொண்டுபோய் வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி, லாரி, நகரம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அளக்கும் கருவிகள் நகரத்து மொட்டை மாடிகளில் இருந்தன.

கருவியை அடுப்படிக்குக் கொண்டுபோனவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். 1980களின் தொடக்கத்தில் குஜராத்தின் நான்கு கிராமங்களில், சமைக்கும் பெண்களின் மேலேயே கருவியைக் கட்டி, சமைக்கும் நேரத்தில் அவர்கள் மூச்சில் போகும் தூசை அளந்தார். உடன் வேலை செய்தவர்கள் இந்திய ஆய்வாளர்கள். 1983இல் வெளியான அந்தக் கணக்கில் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். நகரங்களில் மாசு என்று கூச்சல் போடும் அளவை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் எண் இது. (பெரிய தூசு, சின்ன தூசு எல்லாம் சேர்ந்த கணக்கு. இப்போது நாம் பேசும் பிஎம் 2.5, அதாவது தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசு, அன்றைக்குத் தனியாக அளக்கப்படவில்லை.)

ஸ்மித் விட்டுச்சென்ற பெரிய சொத்து அந்த எண் இல்லை என்பேன். ஒரு எளிய யோசனை. மாசு எவ்வளவு வெளியேறுகிறது என்பது ஒரு கணக்கு, மனிதன் எவ்வளவு மூச்சில் வாங்குகிறான் என்பது வேறு கணக்கு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி டன் கணக்கில் கக்கினாலும் அது உயரத்தில் கலைந்து பரவி, பெரும்பகுதி யார் மூக்குக்கும் வராமலே போய்விடுகிறது. அடுப்பு கக்குவது கொஞ்சம்தான். ஆனால் அடுப்பின் முன்னால் ஒரு மூக்கு இருக்கிறது, இடுப்பில் ஒரு குழந்தையின் மூக்கும் இருக்கிறது. வீட்டுக்குள் விடும் ஒரு கிராம் மாசு, வெளியில் விடும் ஒரு கிராமைவிட ஆயிரம் மடங்கு அதிகமாக மனிதர்களின் நுரையீரலுக்குள் போகும் என்பது அவர் சொன்ன தோராயக் கணக்கு. வீட்டுக் கூரையில் மாட்டும் தீ எச்சரிக்கைக் கருவியைப் பிரித்து மாற்றி, விலை குறைந்த தூசுமானி ஒன்றை உருவாக்கியதும் அவருடைய குழுதான். அவரும் பத்மாவதியும் 2020இல், இரண்டரை மாத இடைவெளியில் காலமானார்கள். பத்மாவதிக்கு அப்போது 103 வயது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களைச் சேர்ந்த 30 கிராமங்களில் 436 வீடுகளை அளந்து 2002இல் வெளியிட்டது. விறகும் வறட்டியும் சுள்ளியும் எரியும் வீடுகளில், சமைக்கும் நேரத்தில் நுண்தூசு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போனது. ஒரு முழு நாளின் சராசரி என்று எடுத்தால் சமைக்கும் பெண்ணுக்கு 231, அதே வீட்டில் சமைக்காத ஆளுக்கு 90 அளவில். எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீடுகளில், சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் 82ஐ ஒட்டி.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே கூரை, ஒரே அடுப்பு. வீட்டில் எந்த வேலையைச் செய்கிறார் என்பதைப் பொறுத்து ஒருவர் வாங்கும் புகை இரண்டரை மடங்கு மாறுகிறது. "இந்த வீட்டில் மாசு இவ்வளவு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. யார், எங்கே, எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த ஆய்வுகளில் கேள்வித்தாள் அவ்வளவு நீளம். சமையலறைக்குத் தனிச்சுவர் உண்டா? கூரை ஓடா, கீற்றா? கோடையில் வாசலில் கல் கூட்டிச் சமைப்பீர்களா? மழைக்காலத்தில்? சவுக்கு மிலாறா, சீமைக்கருவேலமா, தென்னம்மட்டையா? உலை கொதிக்கும்போது பக்கத்திலேயே இருப்பீர்களா, வெளியே போய்விடுவீர்களா? இன்னொன்று, 82 என்பதும் சுத்தமான காற்று ஆகிவிடாது. தன் வீட்டில் கேஸ் இருந்தாலும் பக்கத்து வீட்டு அடுப்பின் புகை வேலி பார்த்து நிற்காது.

சரி, அளந்தாயிற்று. அந்தப் புகையால்தான் நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் வேலை கடினமாகிறது.

விறகில் சமைப்பவர் யார்? பெரும்பாலும் ஏழை. ஏழை வீட்டில் சாப்பாடு குறைவு, குழந்தைகள் நெருக்கமாகப் படுக்கும், ஆஸ்பத்திரி தூரம், அம்மாவுக்கு ரத்தசோகை. இதெல்லாமே தனித்தனியாக நிமோனியாவையும் எடை குறைந்த பிரசவத்தையும் கொண்டுவரக்கூடியவை. விறகு வீட்டையும் கேஸ் வீட்டையும் ஒப்பிட்டால், புகையை ஒப்பிடுகிறோமா, வறுமையை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாது. படிப்பு, வருமானம், வீட்டின் தரம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்து அந்தக் கலப்பைப் பிரிக்கப் பார்ப்பார்கள், ஆனால் முழுக்கப் பிரிந்ததா என்ற சந்தேகம் தீராது. போதாததற்கு வேறு புகைகள். கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்தூசு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. கேஸில் சமைத்துவிட்டு, இரவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் சுருள் கொளுத்தும் வீட்டை எந்தக் கட்டத்தில் போடுவது?

சில இடங்களில் வரலாறே ஒரு சோதனையை நடத்திக் கொடுத்திருக்கிறது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற பகுதி. அங்கே வீட்டுக்குள் குழி அடுப்பில், புகைபோக்கி இல்லாமல், கரும்புகை கக்கும் ஒரு வகை நிலக்கரியை எரிப்பார்கள். அங்குள்ள பெண்கள் அநேகமாக யாருமே சிகரெட் பிடிப்பதில்லை. ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் ஆண்களுக்கு வந்த அளவுக்கே அவர்களுக்கும் வந்தது, சீனாவிலேயே மிக அதிகமாக. 1970களிலிருந்து வீடு வீடாகப் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. 21,000க்கும் மேற்பட்ட விவசாயிகளின் விவரங்களைப் பின்னோக்கித் தேடி 2002இல் வெளியிட்ட ஆய்வில், புகைபோக்கி வைத்த வீடுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆண்களிடம் 41 சதவீதமும் பெண்களிடம் 46 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழ 10 ஆண்டு ஆனது. இந்தப் பத்தாண்டுக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரலாறு எல்லா ஊரிலும் இப்படி உதவாது. அப்போது செய்வது குலுக்கல் முறை ஆய்வு. வீடுகளைச் சேர்த்து, குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு நல்ல அடுப்பு கொடுப்பது, பாதிப் பேரைப் பழைய அடுப்பிலேயே விடுவது. ஏழை பணக்காரர், படித்தவர் படிக்காதவர் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக விழுவார்கள், மிஞ்சும் வித்தியாசம் அடுப்பு மட்டுமே. மருந்துக்குச் செய்யும் அதே சோதனைதான். ஆனால் மருந்துச் சோதனையில் செய்வது போல, மருந்தில்லாத வெறும் மாத்திரை ஒன்று கொடுத்து ஏமாற்ற முடியாது. தன் வீட்டில் எந்த அடுப்பு எரிகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் பெரிய முயற்சி குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் நடந்தது. இதிலும் ஸ்மித் இருந்தார். 534 வீடுகள். பாதிக்குப் புகைபோக்கி வைத்த விறகடுப்பு, மீதிக்குத் திறந்த அடுப்பு. பச்சைக் குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறதா என்று வாராவாரம் போய்ப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. குழந்தைகள் மூச்சில் வாங்கிய புகை பாதியாகக் குறைந்திருந்தது. நிமோனியாவோ கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்ததே தவிர, அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. கடுமையான நிமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அடுத்தது மலாவி. 10,750 குழந்தைகள், விசிறி வைத்து விறகைச் சுத்தமாக எரிக்கும் அடுப்பு. 2017இல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை.

இதற்கு அப்போது சொன்ன விளக்கம் நியாயமாகவே இருந்தது. உப்புக் கரிக்கும் குழம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டாலும் அது கரிக்கத்தான் செய்யும். புகைக்கும் நோய்க்கும் உள்ள உறவு நேர்க்கோடு இல்லை. கொஞ்சம் புகைக்கே ஆபத்து விறுவிறுவென்று ஏறிவிடுகிறது, அதற்கு மேல் புகை எவ்வளவு கூடினாலும் ஆபத்து மெதுவாகத்தான் கூடுகிறது. மேலே இருப்பவர் பாதி தூரம் இறங்கி வந்தாலும் பலன் சொற்பம். அடிமட்டம் வரை இறங்கினால்தான் தெரியும். விறகை எவ்வளவு நல்ல அடுப்பில் எரித்தாலும் அடிமட்டத்துக்குப் போக முடியாது. எரிவாயுவைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

அப்படி வந்ததுதான் ஹாப்பின் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆய்வு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாடுகள். ஒவ்வொன்றிலும் சுமார் 800 கர்ப்பிணிகள். இந்தியாவின் பங்கு முழுவதும் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கிராமங்களில். களத்தை நடத்தியது போரூர்க் குழு. 2018இல் தொடங்கியது. பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதத்துக்கு இலவசமாக, தீரத் தீர வீட்டுக்கே வரும் சிலிண்டரும். சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்ற பயம் இல்லாமல் ஒரு குடும்பம் சமைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பெண்கள் விறகை அநேகமாகக் கைவிட்டார்கள். "கேஸ் கொடுத்தாலும் பழக்கத்தை விடமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதுவே ஒரு பதில்: பழக்கம் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி சிலிண்டர் விலை.

புகையும் இறங்கியது. கர்ப்ப காலத்தில் விறகு வீட்டுப் பெண்களின் நடுமதிப்பு கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம், எரிவாயு வீட்டில் 24. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த இலக்கு 5 என்றாலும், முதல் படியாக எட்டச் சொல்லும் 35க்குக் கீழே போய்விட்டார்கள். இதற்கு மேல் ஒரு கிராமத்து வீட்டில் செய்வதற்கு அதிகம் இல்லை.

பிறந்த குழந்தைகளை 24 மணி நேரத்துக்குள் எடை போட்டார்கள். எரிவாயு வீட்டில் சராசரி 2,921 கிராம், விறகு வீட்டில் 2,898. மற்றவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 20 கிராம், தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. ஒரு வயதில் உயரம் குன்றிய குழந்தைகள் எரிவாயு வீட்டில் 27.4 சதவீதம், விறகு வீட்டில் 25.2. கடுமையான நிமோனியாவிலும் பிரித்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

இந்த முடிவுகள் 2022லும் 2024லும் வெளிவந்தபோது, அப்படியானால் எரிவாயு கொடுத்து என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கொடுக்க உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் கோடிக்கணக்கான இணைப்புகள் கொடுத்திருக்கும் நாட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. உப்புக் குழம்பு விளக்கமும் இங்கே முழுதாக உதவாது. இந்தத் தடவை பாதி வழி அல்ல, நிறையவே இறங்கியாயிற்று.

என் பார்வையில், ஆய்வு கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது. கேள்வியின் அளவுதான் சின்னது. பெண்கள் ஆய்வில் சேர்ந்தது கர்ப்பத்தின் 9வது வாரத்துக்கும் 20வது வாரத்துக்கும் இடையில். நஞ்சுக்கொடி அதற்கு முன்பே ஊன்றத் தொடங்கிவிடுகிறது. அதுவரை அந்தப் பெண், அம்மா வீட்டு அடுப்பிலிருந்து மாமியார் வீட்டு அடுப்பு வரை, இருபது வருடமாகப் புகையை வாங்கிய உடம்பு. சுவான்வெய்யில் 10 ஆண்டு ஆனது, இங்கே பார்த்தது 18 மாதம். விறகு வீட்டு அளவே 71தான், மற்ற பழைய ஆய்வுகளில் பார்த்த பல நூறுகள் இல்லை.  குழந்தையின் எடையை முடிவு செய்வதில் அம்மா என்ன சாப்பிட்டாள் என்பதன் பங்கு பெரியது, அடுப்பு மாறியதால் அது மாறிவிடாது. நடுவில் 2020இன் ஊரடங்கு வேறு. குழந்தைகள் வெளியே போகவில்லை, மற்றக் குழந்தைகளிடமிருந்து ஒட்டும் சளி இருமலும் குறைந்த காலம் அது.

இதே ஆய்வின் எண்களை வேறு விதமாகவும் அடுக்கினார்கள். யாருக்கு எந்த அடுப்பு கிடைத்தது என்பதை விட்டுவிட்டு, யார் உண்மையில் எவ்வளவு புகை வாங்கினார்கள் என்ற வரிசையில். அப்போது புகை கூடக் கூடப் பிறப்பு எடை குறைவது தெரிகிறது, சிறிய அளவில். தமிழ்நாட்டிலேயே கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியான போரூர்க் குழுவின் ஆய்வும், நுண்தூசு 10 மைக்ரோகிராம் கூடினால் எடை சுமார் 4 கிராம் குறைவதாகத்தான் சொன்னது. 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. தனி ஒரு குழந்தைக்கு ஒன்றுமில்லை. இரண்டரைக் கிலோ என்ற கோட்டை ஒட்டிப் பல லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் அது வேறு கணக்கு.

வயதானவர்களின் நுரையீரல், இதயம், கண் ஆகியவைதான் இந்தப் புகைக்குப் பெரிய விலை கொடுப்பவை. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்று மாசால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2.37 லட்சம். மீதியில் பெரும்பாலோர் மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய் என்று போனவர்கள். இவற்றைக் குலுக்கல் முறையில் சோதிக்க வேண்டுமானால் இருபது முப்பது வருடம் ஒரு கிராமத்தின் பாதியைப் புகையிலேயே உட்கார வைக்க வேண்டும். அதை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. ஆச்சிக்கு ஏன் இழுப்பு வந்தது என்பதைக் குலுக்கிப் போட்டு நிரூபிக்க வழியே கிடையாது.

இன்னொரு சிக்கல் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 82.9 சதவீத வீடுகள் சமையலுக்குச் சுத்தமான எரிபொருளைப் பயன்படுத்தின. இந்திய அளவில் 58.6. கேட்கப்படுவது, சமையலுக்கு முக்கியமாக எது என்று. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் "கேஸ்" என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. காபி, தோசை, குழம்பு எல்லாம் கேஸ்தான். கொல்லைப்புறத்தில் கிணற்றடியை ஒட்டி இன்னொரு அடுப்பு இருக்கும். வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், பொங்கலுக்கும், ஆட்கள் அதிகம் வந்தால் சோறு வடிக்கவும். அதை யாரும் அடுப்பு என்று எண்ணுவதே இல்லை.

அதனால் இப்போது ஆய்வாளர்கள் கேட்பதோடு நிறுத்துவதில்லை. பித்தான் பேட்டரி அளவுக்கு ஒரு வெப்பமானியை அடுப்பின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை அது சூட்டைக் குறித்துக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் கணினியில் வரைந்து பார்த்தால், கேஸ் அடுப்பின் கோடு காலையிலும் மாலையிலும் எழும்புகிறது. வெந்நீர் அடுப்பின் கோடு அதற்கும் முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கே எழும்பியிருக்கும்.